யார் எழுதிய கணக்கு? அடிமைமுறையும் நினைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களில் அடிமைமுறை பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சிலவற்றைக் கோபமாகக் கேட்பார்கள். சிலவற்றைக் கூட்டம் கலைந்தபின் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். கேட்டவர்களின் பேச்சை முடிந்தவரை அப்படியே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அடிமைமுறை அமெரிக்காவில் நடந்த சங்கதி. தருமபுரியில் இருக்கிற நமக்கு அதில் என்ன இருக்கிறது?

முதலில் அங்கே நடந்ததையே பார்ப்போம். 16-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டுவரை ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 1.25 கோடிப் பேரைக் கப்பலேற்றி அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுபோனார்கள். அவர்களில் சுமார் 18 லட்சம் பேர் கரை சேரவேயில்லை. 1781-இல் 'சாங்' என்ற ஆங்கிலேயக் கப்பலில் குடிதண்ணீர் போதாது என்று காரணம் சொல்லி 130-க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு கடலில் வீசினார்கள். இந்தச் செய்தி வெளியே வந்த வழியைக் கவனியுங்கள். யாரும் கொலை வழக்குப் போடவில்லை. செத்த ஆட்களைச் சரக்காகக் கணக்குக் காட்டி, கப்பல் முதலாளிகள் காப்பீட்டுப் பணம் கேட்டு நீதிமன்றம் போனார்கள். அதனால்தான் நமக்குத் தெரிகிறது. கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

பிரிட்டன் 1833-இல் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அவ்வளவும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் போனது. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. அந்தப் பணத்துக்காக வாங்கிய கடனை பிரிட்டன் அரசு 2015-இல்தான் அடைத்து முடித்தது.

இந்தக் கதையில் நம் ஆட்கள் உள்ளே வருவது இதற்கடுத்துத்தான். அடிமைகள் விடுதலையானதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834 முதல் மொரிஷியசுக்கு இந்தியக் கூலிகள் ஒப்பந்தத்தின் பேரில் போனார்கள். 1860-இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணிகள் பிடித்துக்கொண்டு போனவர்கள் கணக்கு தனி. அதற்கு முன்பே, 17-ஆம் நூற்றாண்டில், டச்சுக்காரர்கள் பழவேற்காடு, நாகப்பட்டினம் கரைகளிலிருந்து தமிழர்களை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பக்கம் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது ஆயிரக்கணக்கானோர் அப்படிப் போனார்கள். கேப் டவுனில் அடிமையாக விற்கப்பட்ட சிலருடைய பெயருக்குப் பின்னால் 'சோழமண்டலக் கரை' என்று எழுதியிருக்கிறது. அப்பன் பெயர் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை. வாங்கின கரையின் பெயர் மட்டும் இருக்கிறது.

ஆகவே அது அடுத்த வீட்டுக் கதை அல்ல.

வெள்ளைக்காரன் செய்தான், சரி. தமிழ் மண்ணில் தமிழன் தமிழனை விற்றானா? சும்மா சொல்லாதீர்கள்.

விற்றான். கல்வெட்டே இருக்கிறது. சோழர் காலத்தில் ஆட்களைக் கோயிலுக்கு விற்றதையும், பஞ்சத்தில் தங்களையே விற்றுக்கொண்டவர்களையும் கல்லில் பொறித்திருக்கிறார்கள். 1201-இல் திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையானது அப்படித் தெரியவந்ததுதான். சுந்தரரின் கல்யாணத்தில் கிழவர் ஒருவர் ஓலையோடு வந்து "இவன் என் அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்தது இதோ" என்று வழக்காடும் கதை சைவர்கள் எல்லாருக்கும் தெரியும். பக்திக்காகச் சொன்ன கதைதான். ஆனால் பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டும் என்பது கேட்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிராத விஷயமாக இருந்ததால்தான் அந்தக் கதை நிற்கிறது.

நஞ்சை நிலம் பரந்த தஞ்சைப் பக்கம் பறையர், பள்ளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையோடு கட்டுண்டு கிடந்தார்கள். நிலம் கைமாறினால் ஆளும் சேர்ந்து கைமாறினான். 1843-ஆம் ஆண்டின் சட்டம், ஒருவனை அடிமை என்று உரிமை கொண்டாடினால் நீதிமன்றம் ஏற்காது என்றது. அடிமை வைத்திருந்தவனைத் தண்டிக்கவில்லை. ஆளை விற்பதும் வாங்குவதும் குற்றமானது 1862-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபிறகு.

இடையில் வந்த ஒரு சட்டத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 1859-இல் வந்தது அது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால், பணத்தைத் திருப்பித் தரவோ வேலைக்குத் திரும்பவோ மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மறுத்தால் மூன்று மாதம்வரை சிறை. விலைச்சீட்டு போன இடத்தில் முன்பணச்சீட்டு வந்து உட்கார்ந்தது என்று நான் இதைப் படிக்கிறேன். அடிமைமுறை ஒழிந்த தேதியைக் கேட்டால் என்னால் ஒரே வருஷத்தைச் சொல்ல முடியாமல் போவதும் இதனால்தான்.

எங்கள் பக்கம் மானாவாரிக் காடு. பெரிய பண்ணை ஏது? இங்கே அடிமை இருந்திருக்க முடியுமா?

நியாயமான கேள்வி. தஞ்சை மாதிரி நஞ்சைப் பண்ணைகள் இங்கே குறைவு. 1792-இல் திப்புவிடமிருந்து பாரமகால் என்று அன்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்ததும் கர்னல் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் உழவரிடம் நேரடியாக வரி வாங்கும் முறையைச் சோதித்தார்கள். ராகியும் சாமையும் கொள்ளும் விளையும் சின்னச் சின்னக் காடுகள்.

ஆனால் வானம் பொய்த்தால் கடன். கடன் வந்தால் ஆள். நம் பக்கத்தில் அடிமைத்தனம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் அப்போதைய சேலமும் ஒன்று. நம் இரண்டு மாவட்டமும் அன்று அதற்குள்தான் இருந்தன. அந்த வருஷங்களில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூட்டம் பெருத்தது. அதற்குப் பிறகும் பையனை வருஷக் கூலிக்குப் பண்ணையில் விடுவது, ஆடு மாடு மேய்க்க அனுப்பி அப்பன் பணம் வாங்கிக்கொள்வது, வட்டி முதலை விழுங்கியதால் பையன் திரும்பாமலேயே போவது எல்லாம் நடந்தன. சிக்கினவர்கள் பெரும்பாலும் பட்டியல் சாதியினர், இருளர் முதலான பழங்குடியினர். கல்குவாரி, செங்கல் சூளை, மரம் வெட்டு, கர்நாடகத்துக் காப்பித் தோட்டம், கரும்பு வெட்டு என்று இடங்கள் மாறின. பெண் பிள்ளைகளைக் கல்யாணத்துக்குப் பணம் சேரும் என்று சொல்லி நூற்பாலைகளுக்கு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அழைத்துப்போனதும் இந்த ஊர்களிலிருந்துதான். விடுதிக் கதவு பூட்டியிருந்தது. கடைசியில் தருவதாகச் சொன்ன தொகை எல்லாருக்கும் வந்து சேரவில்லை.

அந்தக் காலத்தில் பண்ணைக்காரர் சோறு போட்டார், துணி எடுத்துக் கொடுத்தார், நல்லது கெட்டதுக்கு நின்றார். அதைப் போய்க் கொடுமை என்கிறீர்களே?

நல்ல பண்ணைக்காரர் இருந்தார். மறுக்கவில்லை. அதனாலேயே இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொடுமை என்றதும் சாட்டை ஞாபகத்துக்கு வருகிறது. சாட்டை இருந்தது உண்மை. கரீபியன் கரும்புத் தீவுகளில் பிறப்பைவிட இறப்பு அதிகம். அடிமை சீக்கிரம் செத்துப்போவான் என்று கணக்குப் போட்டே முதலாளிகள் புது ஆள் வாங்கினார்கள். ஆனால் சாட்டை ஓங்காத நாளிலும் நடந்துகொண்டிருந்த கொடுமை ஒன்று உண்டு. 1662-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் போட்டார்கள்: குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. தாய் அடிமையென்றால் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் பிறக்கும் முன்பே முதலாளியின் சொத்து. அந்தப் பெண்ணை முதலாளியே கெடுத்தாலும் பிறக்கிற பிள்ளை அவன் சொத்துக் கணக்கில் ஒரு வரி கூடுதல். 1865-இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தபின், விற்கப்பட்டுப் பிரிந்துபோன அம்மாவையும் தம்பியையும் தேடி, விடுதலையானவர்கள் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். பத்துப் பதினைந்து வருஷம் தாண்டியும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக எந்த ஊரில் பார்த்தோம், யாரிடம் விற்றார்கள் என்பதுதான் அவற்றில் அடையாளம்.

நம் ஊருக்கு வாருங்கள். சூளையில் இருக்கிற அம்மாவுக்கு, சொந்த ஊரில் தன் அம்மா செத்த செய்தி வருகிறது. போகலாம், ஆனால் புருஷனும் மூத்த பிள்ளையும் இங்கேயே இருக்கட்டும் என்கிறார் முதலாளி. பிள்ளை ஈடு. எடுப்பு முடிந்த ராத்திரியே பஸ் ஏறித் திரும்ப வேண்டும். யாரும் கை ஓங்கவில்லை. சோறும் போட்டார்கள். அந்த அம்மா பதினாறு நாள் துக்கம் இருக்க முடியாமல் போனதை எந்தச் சோற்றில் கழிப்பது?

எழுந்து போக முடியுமா என்று கேளுங்கள். போட்ட சோற்றை அதற்குப் பிறகு எடைபோடலாம். போக முடியாதவனுக்குக் காட்டும் தயவு, காட்டுகிறவனின் மனசைப் பொறுத்தது. அவர் மகன் காலத்தில் அந்தத் தயவு இல்லாமல் போனபோது கேட்க ஆளில்லை என்பதைப் பண்ணையில் இருந்த குடும்பங்கள் நன்றாக அறியும்.

பணம் வாங்கினால் வேலை செய்துதானே தீர வேண்டும்? இதில் அடிமைத்தனம் எங்கே வந்தது?

முன்பணம் வாங்குவது குற்றமில்லை. கொடுப்பதும் குற்றமில்லை. சிக்கல் அந்தக் கணக்கு ஓடும் விதத்தில் இருக்கிறது.

ஒரு சூளையை எடுத்துக்கொள்வோம். மழை முடிந்ததும் மேஸ்திரி ஊருக்கு வருவார். புருஷன் பெண்டாட்டி ஜோடிக்கு இவ்வளவு என்று பேசுவார். வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவோ மகள் கல்யாணமோ இருக்கும், வாங்கிவிடுவார்கள். சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. நடுராத்திரி தாண்டி எழுந்து மண் குழைத்தால்தான் வெயில் ஏறும் முன் அறுக்க முடியும். பிள்ளைகள் கல்லைத் திருப்பிப் போடுவார்கள். அவர்களுக்குத் தனிக் கூலி கிடையாது. வாரத்துக்கொரு தரம் அரிசி பருப்புக்கென்று கொஞ்சம் பணம் வரும், அதுவும் கடனோடு சேரும். திடீர் மழை வந்து பச்சைக் கல் கரைந்தால் அந்த நஷ்டமும் பல இடங்களில் தொழிலாளி தலையில். கோடை முடியும்போது கணக்குப் பார்ப்பார்கள். நோட்டு முதலாளியிடம். எழுதியவர் மேஸ்திரி. அறுத்தவருக்கு எத்தனை கல் என்பது மனக்கணக்காகத் தெரியும், ஆனால் அதைக் கேட்பார் யார்? "இன்னும் பாக்கி இருக்கு, அடுத்த வருஷம் வந்து கழிச்சுக்கோ" என்பதோடு கணக்கு முடியும்.

இங்கே நான் மேலே சொன்ன கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். கடலில் போடப்பட்டவர்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதெல்லாம் முதலாளி தரப்பு எழுதியதிலிருந்து வந்தது. திருப்பாம்புரத்துக் கல்லும் வாங்கினவர் தரப்பு ஆவணம். சூளை நோட்டும் அதே. உழைத்தவன் பக்கத்து நோட்டு என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருக்க விடவில்லை. அடிமைமுறையைப் பற்றி நான் சொல்ல விரும்புகிற ஒரே விஷயம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976-இல் முழுச் சட்டமானது கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம். முன்பணத்துக்காகவோ, அப்பன் வாங்கின கடனுக்காகவோ, பிறந்த சாதியின் காரணமாகவோ ஒருவர் உழைக்க வேண்டியிருந்து, அதனால் உரிய கூலியோ, வேறு வேலைக்குப் போகும் உரிமையோ, நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமையோ, விளைந்ததைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையோ ஏதாவதொன்று பறிபோயிருந்தால் அவர் கொத்தடிமை. சங்கிலி தேவையில்லை. கொத்தடிமைக் கடன் அந்தச் சட்டத்தோடு அழிந்தது. அதைத் திரும்ப வசூலிப்பதே குற்றம். கடன் கொத்தடிமைக் கடனல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. இதுதான் சட்டத்தின் உயிர்நாடி என்பேன். நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். தண்டனை மூன்று வருஷம்வரை சிறை, 2,000 ரூபாய்வரை அபராதம்.

1982-இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்புதான் என்றது. பசியும் ஒரு கட்டாயம் என்று அந்தத் தீர்ப்பு ஒத்துக்கொண்டது.

பழசைக் கிளறினால் சாதிச் சண்டைதான் வரும். மறந்துவிட்டுப் போவதுதானே நல்லது?

மறப்பது யாருக்கு நல்லது என்று முதலில் கேட்க வேண்டும்.

நம் இரண்டு மாவட்டமும் நடுகல் பூமி. காட்டோரம், ஏரிக்கரை, ஊர் எல்லை என்று எங்கே போனாலும் ஒரு வீரன் கல்லில் நிற்கிறான். மாடு மீட்கப் போய்ச் செத்தவன் பெயரையும் அவன் தலைவன் பெயரையும் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்தார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தது. வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கல்லின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஒரு நாயின் விசுவாசத்தை மறக்கக் கூடாது என்று நினைத்த மனிதர்கள் வாழ்ந்த மண் இது. அதே மண்ணில், அந்த மாட்டை மேய்த்தவன், ஏரிக்கு மண் சுமந்தவள், பண்ணையில் பிறந்து பண்ணையில் செத்தவன் பெயர் ஒன்றைத் தேடினால் கிடைப்பது அரிது. மறதி தானாக வந்ததில்லை. யாரை எழுதுவது, யாரை விடுவது என்று ஒவ்வொரு காலத்திலும் முடிவு செய்திருக்கிறார்கள்.

சண்டை வரும் என்ற பயத்தையும் மதிக்கிறேன். 1968 டிசம்பர் 25 அன்று தஞ்சைப் பக்கத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அந்த நெருப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் வைத்ததல்ல அது. பேச விடாதவர்கள் வைத்தது. ஆண்டுதோறும் அங்கே கூடுகிறவர்கள் செத்தவர்களுக்காகக் கூடுகிறார்கள்.

என் தாத்தா பண்ணை வைத்திருந்தார். நான் குற்றவாளியா?

இல்லை. தாத்தா செய்ததற்குப் பேரனைப் பொறுப்பாக்குவது அந்தப் பழைய ஓலையின் நியாயம். அதை நாம் எதிர்க்கிறோம்.

ஆனால் உங்கள் வீட்டுப் பரணில் பழைய கணக்கு நோட்டு, கடன் பத்திரம் இருக்கலாம். அதில் சில பெயர்கள் இருக்கும்: இன்னார் மகன் இன்னார், வாங்கினது இவ்வளவு. அந்தக் குடும்பத்துக்குத் தங்கள் முப்பாட்டன் பெயர் தெரிய வேறு வழி இல்லாமல் இருக்கலாம். எரித்துவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து அவர்களிடம் கொடுங்கள். மன்னிப்பை எப்படிக் கேட்பது என்று தயங்குகிற பலருக்கு இதிலிருந்து தொடங்குங்கள் என்றே சொல்லி வருகிறேன்.

என் அம்மா சின்ன வயசில் பண்ணையில் இருந்தவர். அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். வெட்கப்படுகிறார்.

வற்புறுத்தாதீர்கள். அந்த வெட்கம் அவருடையதல்ல, அவர் மேல் ஏற்றி வைத்தது. ஆனாலும் சுமப்பவர் அவர்தான். என்ன சொல்வது, எப்போது சொல்வது, யார் முன்னால் சொல்வது எல்லாம் அவர் விருப்பம். அடித்தார்களா, ஏன் பொறுத்துக்கொண்டீர்கள் என்று தொடங்கினால் வாய் மூடிக்கொள்ளும். அந்தக் காலத்தில் என்ன சமைத்தார்கள், என்ன பாட்டு பாடினார்கள், மாட்டுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டே வருவார். ஒரு நாள் தானாகவே அந்த இடத்துக்கு வருவார். வராவிட்டாலும் கேட்டவரை போதும்.

இன்னொன்று. அவர் வெறுமே அடிபட்டவர் அல்ல. பாதிக் கூழைத் தம்பிக்கு ஒதுக்கினவர், பள்ளிக்கூடம் பார்க்காமல் எண்ணக் கற்றவர், உங்களைப் படிக்க வைத்தவர். துன்பத்தை மட்டும் எழுதினால் பாதி ஆளைத்தான் எழுதியதாகும்.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லலாமா?

சொல்லலாம். சின்னப் பிள்ளைகளுக்கு நியாயம் நன்றாகவே புரியும்: வேலை செய்தவருக்குக் காசு தரவில்லை, வீட்டுக்குப் போக விடவில்லை என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கோபப்படும். சித்திரவதைகளை விவரிக்க வேண்டாம். பத்தாம் வகுப்பு வந்தபிறகு 'சாங்' கப்பலையும் வெண்மணியையும் சொல்லுங்கள். கூடவே எதிர்த்தவர்களையும் சொல்லுங்கள். 1791-இல் எய்ட்டியில் அடிமைகளே கிளம்பிப் போராடி 1804-இல் தனி நாடு கண்டார்கள். அவர்கள் கிளர்ந்த நாளையொட்டித்தான் ஆகஸ்ட் 23-ஐ யுனெஸ்கோ நினைவு நாளாக வைத்திருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலருடைய குடும்பம் இந்த வருஷமும் சூளைக்குப் போயிருக்கலாம். ஆசிரியர் அதை மனதில் வைத்துப் பேச வேண்டும், யாரையும் எழுப்பி நிற்க வைக்கக் கூடாது.

எங்கள் ஊர் நினைவுகளை எப்படி எழுதி வைப்பது?

பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கைபேசியில் ஒலிப்பதிவு போதும், சம்மதம் கேட்டுக்கொண்டு. பெயரை வெளியிடலாமா என்று தனியாகக் கேளுங்கள், இரண்டு தரம் கேளுங்கள். முதலாளி குடும்பம் இன்றும் அதே ஊரில் செல்வாக்கோடு இருந்தால் பேசியவருக்கு நாளை என்ன வரும் என்று யோசித்த பிறகே எதையும் வெளியில் விட வேண்டும்.

தேதி நினைவில்லாவிட்டால் வேறு அடையாளம் கேளுங்கள்: எந்தத் தேர்தல் சமயம், மூத்த மகன் பிறந்து எத்தனை மாசம், எந்த மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால். எவ்வளவு வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள், யார் கொடுத்தார்கள், எத்தனை பேர் உழைத்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள், ஊருக்குப் போகக் கேட்டபோது என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அவர் பேச்சைச் செந்தமிழாக்காதீர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் பலர் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசுவார்கள். அதையும் அப்படியே பதியுங்கள், பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம். முடிந்ததும் படித்துக் காட்டி, ஒரு பிரதியை அவர் வீட்டிலேயே வையுங்கள். இவ்வளவு காலம் அடுத்தவர் கையிலேயே இருந்த நோட்டு, ஒன்றாவது அவர் கையில் இருக்கட்டும்.

நினைவு வைத்து யார் என்ன சாதித்தார்கள்?

அரூர்ப் பக்கம் வாச்சாத்தியைப் பாருங்கள். அது கொத்தடிமை வழக்கல்ல, ஆனாலும் நம் மாவட்டத்துச் சாட்சி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று புகுந்து ஊரைச் சூறையாடினார்கள். பழங்குடிப் பெண்கள் 18 பேரைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஊரே பொய் சொல்கிறது என்றார்கள். அந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறி, யார் என்ன செய்தார் என்று மாற்றாமல் சொன்னார்கள். 2011-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாதவர்களின் ஞாபகம், மூன்று துறைகளின் கோப்புகளை வென்றது.

இன்றைக்கு நம் பக்கம் கொத்தடிமை இருப்பதாகத் தெரிந்தால் என்ன செய்வது?

இருக்கிறது. உலக அளவில் 2021-இல் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004 பிப்ரவரி 9. அதே பிப்ரவரி 9 அன்று தமிழ்நாட்டில் கொத்தடிமை முறை ஒழிப்பு நாள் உறுதிமொழி எடுக்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் எடுக்கும் உறுதிமொழி சூளைவரை போக, தகவல் சொல்கிறவர் ஒருவர் வேண்டும்.

நீங்களாகப் போய் முதலாளியிடம் சண்டை போடாதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ எழுத்தாகக் கொடுங்கள். தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரியில் கோட்டாட்சியரும் ஓசூரில் சார் ஆட்சியரும் இதற்குப் பொறுப்பு. குழந்தை என்றால் 1098. எத்தனை குடும்பம், எந்த ஊர்க்காரர்கள், எவ்வளவு முன்பணம், எவ்வளவு நாளாக என்று தெரிந்ததை எழுதுங்கள். தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம். விசாரணையின்போது முதலாளியும் மேஸ்திரியும் பக்கத்தில் நிற்காதபடி தொழிலாளர்களைத் தனியே பேச வைக்கச் சொல்லுங்கள். முன்னால் நின்றால் "நல்லாத்தான் இருக்கோம் சாமி" என்றுதான் சொல்வார்கள்.

மீட்டபின் ஒவ்வொருவருக்கும் விடுதலைச் சான்று வாங்க வேண்டும். கடன் அழிந்தது என்பதற்கு ஆதாரம் அதுதான். உடனடி உதவியாக 30,000 ரூபாய்வரை கிடைக்கும். மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலைகளில் 3 லட்சம். முழுத் தொகை வழக்கின் தீர்ப்போடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், அதற்குள் குடும்பம் வேறு வேலை தேடி வேறு மாநிலம் போயிருக்கும். ஆகவே மீட்ட வாரமே அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதிப் படித்துக் காட்டி, சான்றின் நகல் ஒன்றையும் தொடர்பு எண்ணையும் ஊரில் நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். சாட்சிக்கு அழைப்பாணை வரும்போது அவர்களைக் கண்டுபிடித்து, பஸ் செலவுக்கும் விட்டுப்போகும் நாள் கூலிக்கும் ஏற்பாடு செய்து, கூடவே நீதிமன்றத்துக்குப் போய்வர ஒருவர் வேண்டும். அதற்கு இப்போதே ஆள் பாருங்கள்.